மண்டபச் சுவரில் எழுத ஒரே ஒரு பெயர் வேண்டும்: உதறல்நீக்கியைக் கண்டுபிடித்தவர் யார்?

#1 குளுகோர் குமரன் (பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழு, குடியிருப்போரிடம் திரட்டிய பணத்தில் ஓர் ஏ.இ.டி. கருவி வாங்கியிருக்கிறது. திடீரென மயங்கி விழுந்து மூச்சும் நாடியும் இல்லாமல் கிடப்பவரின் மார்பில் ஒட்டி, தேவையானால் மின்னதிர்ச்சி கொடுக்கும் தானியங்கி உதறல்நீக்கி அது. பல்நோக்கு மண்டபத்தில் அதை மாட்டுவது என்றும், பக்கத்தில் மலாய், சீனம், தமிழ் ஆகிய மூன்று மொழிகளிலும் ஒரு தகவல் பலகை வைப்பது என்றும், தமிழ்ப் பகுதியை நான் எழுதுவது என்றும் கூட்டத்தில் முடிவாயிற்று. எப்படிப் பயன்படுத்துவது என்பதைக் கருவியே வாய்விட்டுச் சொல்லிவிடும் என்பதால், அது பிறந்த கதையை நான்கு வரியில் எழுதலாம் என்று நினைத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

தேடிய இடத்திலெல்லாம் வேறு வேறு பெயர் கிடைக்கிறது. ஓரிடத்தில் 1947இல் கிளாட் பெக் என்கிறார்கள். இன்னோரிடத்தில் 1956இல் பால் சோல். மற்றோரிடத்தில் 1962இல் பெர்னார்ட் லவுன். வேறோரிடத்தில் 1965இல் பிராங்க் பான்ட்ரிட்ஜ். பள்ளியில் தொலைபேசிக்கு ஒரு பெயர், மின்விளக்குக்கு ஒரு பெயர் என்று படித்ததுபோல் இதற்கும் ஒரே ஒரு பெயரை யாராவது உறுதியாகச் சொல்ல முடியுமா? பலகையில் இடம் மிகக் குறைவு.

#2 பழுதுபார்ப்பவன் (செந்தூல், கோலாலம்பூர்)

குமரன் அவர்களே, மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்த்தே முப்பது ஆண்டுகளை ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் நான்கு பெயர்களும் சரியானவைதாம். ஆனால் அந்த நால்வரும் ஒரே பொருளைச் செய்யவில்லை என்பதால்தான் உங்களுக்கு ஒரு பெயர் அகப்படவில்லை.

இதயத்தின் கீழறைகள் உதறுவது என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். உறுமி மேளக் குழுவில் தலைவர் அடிக்கும் தாளத்தை விட்டுவிட்டு ஆளுக்கொரு தாளத்தில் அடிக்கத் தொடங்கினால் சத்தம் இருக்கும், ஆட்டம் இருக்காது. அதுபோல ஒவ்வொரு தசைநாரும் தன் போக்கில் துடிக்கும்போது இதயத்தில் அசைவு இருக்கும், இரத்தம் மட்டும் வெளியேறாது. வலுவான ஒரு மின்னதிர்ச்சி எல்லா மேளத்தையும் ஒரே கணத்தில் நிறுத்துகிறது. அந்த அமைதியில் இதயத்தின் இயற்கையான தாளக்காரர் மறுபடியும் முதல் அடியை எடுத்துக் கொடுக்கிறார். கருவி செய்வது நிறுத்துவதைத்தான். ஓட வைப்பது இதயமே.

மின்சாரத்துக்கு இந்த ஆற்றல் உண்டு என்பது பழைய செய்தி. டென்மார்க்கின் கால்நடை மருத்துவர் ஆபில்கார்ட் 1775இல் கோழிகளை மின்னதிர்ச்சியால் சாய்த்து, மார்பில் மற்றோர் அதிர்ச்சி கொடுத்து எழுப்பினார். 1899இல் ஜெனீவாவில் பிரெவோ, பத்தெல்லி என்ற இருவர், சிறிய மின்னோட்டம் நாயின் இதயத்தை உதற வைக்கிறது என்றும், பெரிய மின்னோட்டம் அதே உதறலை நிறுத்துகிறது என்றும் கண்டார்கள். அதன் பிறகு இதில் பணம் போட்டவர்கள் மருத்துவர்கள் அல்லர், மின்சார நிறுவனங்கள். அமெரிக்காவில் மின்கம்பத்தில் ஏறிய தொழிலாளர்கள் அதிர்ச்சியில் மாண்டுகொண்டிருந்ததால், 1920களின் இறுதியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கவ்வன்ஹோவன் என்ற மின்பொறியாளரும் அவருடைய கூட்டாளிகளும் இதை ஆராயத் தொடங்கினார்கள்.

1947இல் கிளீவ்லண்டில் அறுவை மருத்துவர் கிளாட் பெக், 14 வயதுச் சிறுவன் ஒருவனின் மார்பு அறுவையின் முடிவில் இதயம் உதறத் தொடங்கியதும், திறந்த மார்புக்குள் மின்முனைகளை இதயத்தின் மீதே வைத்து அவனைப் பிழைக்க வைத்தார். மார்பைத் திறக்காமலே அதைச் செய்து காட்டியவர் பாஸ்டனின் பால் சோல், 1956இல். இருவரும் பயன்படுத்தியது சுவரிலிருந்து வரும் மாறுதிசை மின்னோட்டம். அதற்குப் பெரிய மின்மாற்றி வேண்டும். அதைச் சக்கர வண்டியில் வைத்துத் தள்ள வேண்டும். கம்பி எட்டும் தூரம்தான் கருவி எட்டும் தூரம். எடுத்துச் செல்லும் கருவி என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

சுவரிலிருந்து அதை விடுவித்தது மின்தேக்கி. மின்கலத்திலிருந்து சில வினாடிகள் சிறுகச் சிறுக மின்னூட்டம் சேர்த்து, அத்தனையையும் சில மில்லி வினாடிகளில் கொட்டிவிடும் முறை அது. மாஸ்கோவில் லீனா ஸ்டெர்ன் அம்மையாரின் ஆய்வகத்தில் நவும் குர்விச் 1939லேயே விலங்குகளில் இதைக் காட்டிவிட்டார். 1952இல் சோவியத் நாட்டில் கருவியாகவும் வந்துவிட்டது. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஸ்டெர்ன் அம்மையார் ஜெனீவாவில் படித்தவர், பிரெவோ, பத்தெல்லி ஆகியோருடன் பணியாற்றியவர். ஆக 1899ஆம் ஆண்டின் நாய் ஆய்வு ஒரு பெண்மணியின் வழியாக மாஸ்கோவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மேற்கில் இதே நேர்திசை முறையை நிலைநாட்டியவர்கள் பெர்னார்ட் லவுனும் பொறியாளர் பாரூக் பெர்கோவிட்சும், 1962இல். மாறுதிசை மின்னோட்டத்தைவிட இது இதயத்தசைக்குக் கேடு குறைந்தது என்பதையும் லவுன் காட்டினார். அதே லவுன் பின்னர் ஒரு சோவியத் இதய மருத்துவருடன் சேர்ந்து தொடங்கிய, அணு ஆயுதப் போரை எதிர்க்கும் மருத்துவர் அமைப்புக்கு 1985இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

என்னைக் கேட்டால் பலகையில் குர்விச்சின் பெயரைப் போடுவேன். யாரும் போடமாட்டார்கள் என்பதும் தெரியும்.

#3 வரலாற்று ஆசிரியை (பட்டர்வொர்த்)

செந்தூல் ஐயா மின்சாரத்தின் பக்கம் நின்று எழுதிவிட்டார். நான் மனிதரின் பக்கம் நின்று ஒரு பெயரை முன்மொழிகிறேன். அவர் பிராங்க் பான்ட்ரிட்ஜ். அவருக்கும் நம் மண்ணுக்கும் உள்ள தொடர்பு நம்மில் பலருக்குத் தெரிந்திருக்காது.

வட அயர்லாந்தில் 1916இல் பிறந்த பான்ட்ரிட்ஜ், பிரிட்டிஷ் இராணுவ மருத்துவராகச் சிங்கப்பூருக்கு வந்து, 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் போர்க்கைதியானார். அதன்பின் அவர் கொண்டுசெல்லப்பட்ட இடம் சயாம்–பர்மா மரண இரயில்பாதை. எந்தப் பாதைக்காக மலாயாவின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் "சயாமுக்குப் பிடித்துக்கொண்டு" போகப்பட்டார்களோ, எந்தப் பாதையிலிருந்து திரும்பாதவர்களின் பெயர்ப் பட்டியல்கூட நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லையோ, அதே பாதைதான். 415 கிலோமீட்டர் நீளத்தை 1943 அக்டோபருக்குள் போட்டு முடித்தார்கள். பான்ட்ரிட்ஜ் உயிரோடு திரும்பினார், எலும்பும் தோலுமாக, வைட்டமின் பி1 குறைவால் வந்து இதயத்தைத் தாக்கும் பெரிபெரி நோயுடன். தன் இதயமே வீங்கித் தளர்ந்துபோவதை அனுபவித்த ஒருவர் பிறகு இதய மருத்துவரானார் என்பதைத் தற்செயல் என்று கடந்துபோக என்னால் முடியவில்லை.

பெரிபெரி என்றதும் ஒரு சிறு விலகல். இந்த இணைய மன்றத்தின் நிர்வாகி பொறுத்துக்கொள்ள வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பணிபுரிந்த மருத்துவர்கள், தீட்டிய வெள்ளை அரிசி உண்பவர்களுக்குப் பெரிபெரி வருவதையும், புழுங்கல் அரிசி உண்ணும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களுக்கு அது அரிதாகவே வருவதையும் கவனித்தார்கள். கோலாலம்பூர் மனநோய் விடுதியில் வில்லியம் பிளெட்சர் இரண்டு வகை அரிசியையும் இரண்டு பிரிவினருக்குக் கொடுத்துச் சோதித்தே பார்த்தார். நம் பாட்டிமார் பிடிவாதமாக அவித்துக் குத்திய அரிசியில் அவ்வளவு இருந்திருக்கிறது.

விட்ட இடத்துக்கு வருகிறேன். போருக்குப் பின் அமெரிக்காவின் மிச்சிகனில் இ.சி.ஜி. கற்றுத் திரும்பிய பான்ட்ரிட்ஜ், பெல்பாஸ்ட் ராயல் விக்டோரியா மருத்துவமனையில் பணிபுரிந்தார். மாரடைப்பால் இறப்பவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வந்துசேரும் முன்பே, முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இறந்துவிடுவது அவரை உறுத்தியது. அப்படியானால் வார்டில் எவ்வளவு நல்ல கருவி இருந்தும் என்ன பயன்? நோயாளி கருவியிடம் வருவதற்குப் பதிலாகக் கருவி நோயாளியிடம் போக வேண்டும் என்று, ஜான் கெடஸ் என்ற இளம் மருத்துவருடனும் ஆல்ஃபிரட் மாஹினி என்ற தொழில்நுட்பருடனும் சேர்ந்து 1965இல் இரண்டு கார் மின்கலங்களால் இயங்கும் உதறல்நீக்கியைச் செய்தார். எடை 70 கிலோ. 1966 ஜனவரியிலிருந்து அது ஆம்புலன்ஸில் ஏறியது. முடிவுகள் 1967 ஆகஸ்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தன. 1968க்குள், அமெரிக்க விண்வெளி நிறுவனத்துக்காகச் செய்யப்பட்ட சிறிய மின்தேக்கியைப் பயன்படுத்தி எடையைச் சுமார் 3 கிலோவுக்குக் குறைத்துவிட்டார்கள்.

பலகையில் என் ஓட்டு பான்ட்ரிட்ஜுக்கு.

#4 கெப்போங் வாசகன்

ஆசிரியை அவர்களின் பதிவு நெகிழ வைக்கிறது. ஆனால் நெகிழ்ச்சியை வைத்து முன்னுரிமை வழங்கக் கூடாது. பெல்பாஸ்ட் ஆம்புலன்ஸில் கருவி மட்டும் போகவில்லை. கூடவே ஒரு மருத்துவரும் தாதியும் போனார்கள். இ.சி.ஜி. கோட்டைப் படித்து, இது உதறல்தான், இப்போது அதிர்ச்சி கொடுக்கலாம் என்று முடிவெடுத்தவர் மருத்துவர். குமரன் வாங்கியிருப்பதோ, மருத்துவரே இல்லாத இடத்தில் தானாக முடிவெடுக்கும் கருவி. 70 கிலோவை 3 கிலோ ஆக்குவது ஒரு சாதனை. மருத்துவரின் தலைக்குள் இருந்ததை ஒரு பெட்டிக்குள் வைப்பது முற்றிலும் வேறான சாதனை. இரண்டையும் ஒரே பெயரின் கீழ் எழுதினால் பலகை பொய் சொல்லும்.

இன்னொன்று: அவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு என்றால் பிரிட்டன் அதை உடனே ஏற்றிருக்க வேண்டுமே?

#5 வரலாற்று ஆசிரியை (பட்டர்வொர்த்)

உங்கள் முதல் கருத்தை ஏற்கிறேன். இரண்டாவதற்கு விடை: ஏற்கவில்லை. அமெரிக்க நகரங்கள் பான்ட்ரிட்ஜின் முறையைச் சில ஆண்டுகளிலேயே எடுத்துக்கொண்டன; பிரிட்டனின் எல்லா முன்னணி ஆம்புலன்ஸ்களிலும் உதறல்நீக்கி வந்துசேர 1990 ஆயிற்று. பான்ட்ரிட்ஜ் 1982இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். வீட்டுக்காரனுக்கு முற்றத்து முல்லை மணக்காது என்பது எல்லா ஊருக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

#6 தாதி வாசுகி (செபராங் ஜெயா)

இதய நோய்ப் பிரிவில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவள் என்ற முறையில் கெப்போங் நண்பரின் கேள்வியைத் தொடர்கிறேன். பிடி தகடுகளைக் கையில் ஏந்தியபடி, "எல்லோரும் விலகுங்கள்" என்று நானே குரல் கொடுத்த காலம் உண்டு. அந்தக் கணத்தில் கைக்கு வேலை மிகக் குறைவு, கண்ணுக்குத்தான் வேலை. திரையில் ஓடுவது உதறலா, நேர்கோடா, அல்லது கம்பி அசைந்ததால் வந்த கோடா என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

அந்த முடிவு யாருடையது என்பதில்தான் இந்த வரலாறு முழுவதும் நகர்ந்திருக்கிறது. முதலில் அறுவை மருத்துவர் மட்டும். பெல்பாஸ்டில், தெருவுக்கு இறங்கி வந்த மருத்துவர். 1970இல் சியாட்டிலில் பயிற்சி பெற்ற தீயணைப்பு வீரர்கள் அந்தப் பொறுப்பை ஏற்றார்கள். 1980 வாக்கில், சியாட்டிலைச் சுற்றியுள்ள பகுதியில் மிக்கி ஐசன்பர்க்கும் அவர் குழுவினரும், அதைவிடக் குறைந்த பயிற்சி உள்ள ஆம்புலன்ஸ் ஊழியர்களாலும் இது இயலும் என்று காட்டினார்கள். ஒவ்வொரு படியிலும் "இவர்களை நம்பி எப்படிக் கொடுப்பது?" என்ற அதே முணுமுணுப்பு எழுந்திருக்கிறது. தாதியர் மருத்துவரின் உத்தரவுக்குக் காத்திராமல் அதிர்ச்சி கொடுக்கலாமா என்று வார்டில் நடந்த வாக்குவாதங்களை நானே கேட்டிருக்கிறேன்.

கடைசிப் படியை எடுத்தவர் அமெரிக்காவின் போர்ட்லண்டைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆர்ச் டையக். அவரும் கூட்டாளிகளும் 1970களில் உருவாக்கி 1979இல் வெளியிட்ட தானியங்கிக் கருவி, இதயத் தாளத்தைத் தானே படித்து முடிவெடுத்தது. அதன் ஒரு மின்முனை வாய்க்குள் நாக்கின் மேல் போகும். ஆள் மூச்சு விடுகிறாரா என்பதையும் அது உணரும். மூச்சு இருந்தால் அதிர்ச்சி இல்லை. இன்று நினைத்தால் விநோதமாகத் தோன்றலாம். ஆனால் உயிரோடு இருப்பவருக்கு அதிர்ச்சி போய்விடக் கூடாதே என்ற அச்சத்தில் போட்ட இரட்டைப் பூட்டு அது. அக்கருவியை இங்கிலாந்தின் பிரைட்டன் நகர ஆம்புலன்ஸ் ஊழியர்கள் பயன்படுத்திப் பார்த்ததை டக்ளஸ் சேம்பர்லினின் குழு 1982இல் 'லான்செட்' இதழில் எழுதியது.

பெட்டி முடிவெடுக்கத் தொடங்கியதும் எடுப்பவருக்குப் பட்டம் தேவையில்லாமல் போயிற்று. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பொம்மை நோயாளியைக் கொடுத்து ஏ.இ.டி.யைப் பயன்படுத்தச் சொன்னார்கள். பயிற்சி பெற்ற ஊழியர்களுக்குச் சராசரியாக 67 வினாடி ஆயிற்று. பிள்ளைகளுக்கு 90 வினாடி. வேறுபாடு அவ்வளவுதான்.

ஆகவே குமரன் தம்பி, கையில் எடுத்துச் செல்வதற்கு ஒரு பெயர் என்றால், தானாக முடிவெடுப்பதற்கு டையக்கின் பெயரும் வர வேண்டும். அதே காலத்தில், 1980 பிப்ரவரியில், மிஷெல் மிரோவ்ஸ்கி உருவாக்கிய உடலுக்குள் பதிக்கும் உதறல்நீக்கியும் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பதிக்கப்பட்டது. ஆனால் அது உங்கள் மண்டபத்துக்குத் தொடர்பில்லாதது.

#7 கெப்போங் வாசகன்

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பொம்மையிடம் சரியாகச் செய்வது வேறு. உண்மையில் என் பக்கத்து வீட்டுக்காரர் வெறும் மயக்கத்தில் விழுந்து, பதற்றத்தில் யாரோ பெட்டியை மாட்டிவிட்டால்? இயந்திரம் தவறாகப் படித்து நல்ல இதயத்தில் அதிர்ச்சியைப் பாய்ச்சாது என்பதற்கு என்ன உறுதி? இதைக் கேலியாகக் கேட்கவில்லை. எங்கள் குடியிருப்பிலும் இதே கேள்வியால்தான் கருவி வாங்கும் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

#8 பழுதுபார்ப்பவன் (செந்தூல், கோலாலம்பூர்)

நியாயமான கேள்வி. பெட்டிக்குள் நடப்பதைச் சொல்கிறேன். ஒட்டும் பட்டைகள் இரண்டும் அதிர்ச்சியைக் கொண்டுபோவதற்கு முன் இ.சி.ஜி.யைக் கொண்டுவருகின்றன. வரும் அலையைக் கருவி சில வினாடித் துண்டுகளாக வெட்டி, அலையின் உயரம், வேகம், சரிவு, கோடு அடித்தளத்தில் தங்கும் நேரம் ஆகியவற்றை அளக்கிறது. சீரான துடிப்பில் கூர்மையான ஒரு முனை எழுந்து, பிறகு கோடு சற்று நேரம் அமைதியாக ஓடும். உதறலில் அந்த அமைதியே இருக்காது. ஒரு துண்டை மட்டும் பார்த்து அது தீர்ப்புச் சொல்வதில்லை. அடுத்தடுத்த துண்டுகள் ஒத்துப்போக வேண்டும். வெறும் மயக்கத்தில் கிடப்பவரின் இதயம் சீராக அடித்துக்கொண்டிருக்கும். அவர் மேல் பட்டையை ஒட்டினால் "அதிர்ச்சி தேவையில்லை" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். நீங்கள் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அதிர்ச்சி வராது. மின்னூட்டம் ஏறிய பிறகு தாளம் மாறிவிட்டால், பெரும்பாலான கருவிகள் அந்த மின்னூட்டத்தை உள்ளுக்குள்ளேயே கரைத்துவிடும். இவற்றை உருவாக்கியவர்கள், உதறலைத் தவறவிடுவதைவிட நல்ல தாளத்தைத் தொடுவதற்கே கூடுதலாக அஞ்சினார்கள் என்று அதன் கட்டமைப்பைப் பார்த்தாலே தெரியும்.

பெட்டி இவ்வளவு சிறியதானதற்கு ஒரு காரணம் விட்டுப்போயிற்று. பழைய கருவிகளில் மின்னோட்டம் ஒரே திசையில் பாயும். அதற்கு 200 முதல் 360 ஜூல் வரை வேண்டும். பாதியில் திசை மாறும் இருகட்ட அலைக்கு ஏறத்தாழ 150 ஜூல் போதும். சோவியத் மருத்துவமனைகள் 1970களின் தொடக்கத்திலேயே இதைப் பயன்படுத்தின. அதிலும் குர்விச்சின் கை இருந்தது என்பதை மறுபடியும் சொல்லிக்கொள்கிறேன். மேற்கில் இருகட்ட அலையுடன் கூடிய முதல் ஏ.இ.டி.க்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது 1996இல்தான். ஆற்றல் குறைந்ததும் மின்தேக்கி சிறுத்தது, மின்கலம் சிறுத்தது, பெட்டியைச் சுவரில் மாட்ட முடிந்தது.

#9 குளுகோர் குமரன் (பினாங்கு)

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இடையில் ஒரு சந்தேகம். 'உதறல்நீக்கி' என்ற சொல்லைப் பலகையில் போட்டால் மக்களுக்குப் புரியுமா? எங்கள் வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது, "பயத்தில் உதறல் எடுக்குமே, அதற்கு மாத்திரையா?" என்று கேட்டார்.

#10 தாதி வாசுகி (செபராங் ஜெயா)

அம்மா கேட்டதில் பிழையே இல்லை. இங்குள்ள முதலுதவி வகுப்புகளில் எல்லோரும் 'ஏ.இ.டி.' என்றே சொல்கிறார்கள். பெட்டியின் மேலும் அப்படித்தான் எழுதியிருக்கும். அவசரத்தில் ஓடி வருபவர் பெட்டியில் இருக்கும் எழுத்தைத்தான் தேடுவார். பெரிய எழுத்தில் 'ஏ.இ.டி.' என்று போட்டுவிட்டு, கீழே சிறிய எழுத்தில் 'இதய உதறல்நீக்கி' என்று எழுதுங்கள்.

#11 பழுதுபார்ப்பவன் (செந்தூல், கோலாலம்பூர்)

வரலாற்றோடு ஒரு மனக்குறையையும் இறக்கி வைக்கிறேன். ஓய்வுக்குப் பின் ஒரு தொழிற்சாலையில் கருவிகளைச் சோதித்துக் கொடுக்கப் போனேன். வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று ஓர் ஏ.இ.டி. இருந்தது. திறந்து பார்த்தால் மின்கலம் செத்துப்போயிருந்தது. ஒட்டும் பட்டைகள் காலாவதியாகி மூன்று ஆண்டு ஆகியிருந்தது. கூழ் காய்ந்து காகிதம்போல் உரிந்து வந்தது. கருவி தன்னைத்தானே நாள்தோறும் சோதித்து, பச்சை விளக்கை அணைத்துத் தன் குறையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை. கண்ணாடியைத் துடைப்பதற்கு மட்டும் ஆள் இருந்தார்.

எங்கே மாட்டுகிறோம் என்பதும் கருவியின் ஒரு பாகம் என்றே நான் நினைக்கிறேன். அமெரிக்கச் சூதாட்டக் கூடங்களில் நடந்த ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. அங்கே மூலைக்கு மூலை கேமரா, கூப்பிட்ட குரலுக்குக் காவலர். உதறலில் விழுந்தவர்களில், 3 நிமிடத்துக்குள் முதல் அதிர்ச்சி பெற்றவர்களில் 74 விழுக்காட்டினர் பிழைத்து வீடு திரும்பினார்கள். அதற்குமேல் தாமதமானவர்களில் 49 விழுக்காட்டினர். சிகாகோ விமான நிலையங்களில் கருவிகளை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டினார்கள். இரண்டு ஆண்டுகளில் உதறலோடு விழுந்த 18 பேரில் 11 பேர் மீட்கப்பட்டார்கள்; மீட்டவர்களில் சிலர், அந்தக் கருவியை அதற்கு முன் தொட்டதே இல்லாத பயணிகள். ஜப்பானில் 2002இல் இளவரசர் தக்காமாதோ, கனடா தூதரகத்தில் ஸ்குவாஷ் ஆடிக்கொண்டிருந்தபோது கீழறை உதறலால் இறந்தார்; 2004 ஜூலையிலிருந்து அந்நாட்டில் பொதுமக்கள் யாரும் ஏ.இ.டி.யைப் பயன்படுத்தலாம் என்றாயிற்று.

#12 தாதி வாசுகி (செபராங் ஜெயா)

அதோடு, கருவி வரும்வரை கை சும்மா இருக்கக் கூடாது. உதறல் தொடங்கியபின் எதுவும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. மார்பை அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தச் சரிவு பாதிக்கும் கீழே இறங்குகிறது. மார்பழுத்தமும் உதறல்நீக்கியின் ஆய்வகத்திலேயே பிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். செந்தூல் ஐயா குறிப்பிட்ட கவ்வன்ஹோவனின் ஆய்வகத்தில், 1958இல் கை நிக்கர்பாக்கர் என்ற மாணவர், கனமான மின்முனைகளை நாயின் மார்பில் அழுத்தும்போது, மின்சாரம் பாயும் முன்பே இரத்த அழுத்தம் ஏறுவதைக் கவனித்தார். அதிலிருந்து வந்ததுதான் 1960இல் அவர்கள் வெளியிட்ட மார்பழுத்த முறை.

#13 குளுகோர் குமரன் (பினாங்கு)

எல்லோருக்கும் நன்றி. முதல் வரைவு இதோ:

"ஏ.இ.டி. (இதய உதறல்நீக்கி). நின்றுபோன இதயத்தை மின்னதிர்ச்சியால் மீண்டும் ஓட வைக்கும் கருவி. 1965இல் பெல்பாஸ்ட் நகரில் மருத்துவர் பான்ட்ரிட்ஜ் கண்டுபிடித்தது."

#14 தாதி வாசுகி (செபராங் ஜெயா)

தம்பி, முதல் வாக்கியத்தை மாற்றுங்கள். திரைப்படங்களில் நேர்கோட்டுக்கு அதிர்ச்சி கொடுத்து எழுப்புவதைப் பார்த்துப் பார்த்து இந்த எண்ணம் எல்லோருக்கும் வந்துவிட்டது. முற்றிலும் நின்றுபோன இதயத்துக்கு இக்கருவி அதிர்ச்சி கொடுக்காது. "அதிர்ச்சி தேவையில்லை" என்று சொல்லும். அதைக் கேட்டு ஆள் பிழைத்துவிட்டார் என்று நினைத்து மார்பழுத்தத்தை நிறுத்திவிடக் கூடாது. பலகையில் ஒரு பிழையைத் தவிர்க்க வேண்டுமென்றால் இதைத் தவிருங்கள்.

#15 குளுகோர் குமரன் (பினாங்கு)

திருத்திவிட்டேன்:

"ஏ.இ.டி. (இதய உதறல்நீக்கி). தாளம் கெட்டு உதறும் இதயத்தின் உதறலை நிறுத்தும். 999ஐ அழையுங்கள், மார்பை அழுத்திக்கொண்டே இருங்கள், கருவி சொல்வதைக் கேளுங்கள். ஜெனீவா 1899, மாஸ்கோ 1939, கிளீவ்லண்ட் 1947, பெல்பாஸ்ட் 1965, போர்ட்லண்ட் 1979: இந்த ஊர்களின் ஆய்வுகளிலிருந்து உருவானது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்."

பெயர்களை எடுத்துவிட்டு ஊர்களைப் போட்டேன். செந்தூல் ஐயாவுக்கு மாஸ்கோ, ஆசிரியைக்கு பெல்பாஸ்ட், வாசுகி அக்காவுக்கு போர்ட்லண்ட் என்று எல்லோருக்கும் பங்கு வைத்தாயிற்று.

#16 கெப்போங் வாசகன்

பாஸ்டன்காரர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று நம்புவோம். பலகை நன்றாக இருக்கிறது. எங்கள் கூட்டத்துக்கும் எடுத்துப் போகிறேன். ஒரே ஒரு கேள்வி: "யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பல்நோக்கு மண்டபத்தை இரவில் பூட்டிவிடுவார்கள் அல்லவா? சாவி யாரிடம் இருக்கும்?

#17 குளுகோர் குமரன் (பினாங்கு)

நிர்வாகக் குழுச் செயலாளரிடம். அவர் ஒன்பதாவது மாடியில் இருக்கிறார்.

நேற்றிரவு இதைச் சொன்னதும் கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கருவியைக் காவலர் சாவடியின் வெளிச்சுவரில், மழை படாத பக்கம், பூட்டில்லாத பெட்டியில் மாட்டப் போகிறோம். திருடு போனால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். பெட்டியைத் திறந்தால் ஒலிக்கும் மணியைச் சேர்த்திருக்கிறோம். பச்சை விளக்கை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதும் வேலை என் பெயருக்கு வந்திருக்கிறது.